குறுவை வைக்கோலிலிருந்து எத்தனால்: ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் வைக்கோல் வயலிலேயே ஊறிப்போகும். அப்படி ஊறிக் கறுத்த வைக்கோலை மாட்டுக்கு முன்னால் போட்டால், முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். நல்ல வைக்கோலுக்கு என்றைக்கும் விலை உண்டு. கட்டுக்கட்டாக லாரியேறிக் கேரளம் வரை தீவனமாகப் போகிறது. எரிபொருள் செய்கிறேன் என்று அந்தத் தீவனத்தில் கைவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாடு ஒதுக்கியது, அல்லது பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை விதைக்கிற அவசரத்தில் அக்டோபர், நவம்பரில் வயலோடு கொளுத்துகிறார்களே, அந்த மாதிரி வைக்கோல்தான் இந்த வேலைக்கு உரியது.

ஹரியானாவின் பானிபட்டில் இதற்கென்றே ஓர் ஆலை இருக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோல் உள்ளே போய், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் வெளியே வர வேண்டும் என்பது திட்டம். வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு 150 லிட்டர். அதாவது 100 கிராம் வைக்கோலுக்கு 15 மி.லி. இந்த 15 மி.லி.யை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாமும் 100 கிராம் வைக்கோலை எடுத்துக்கொண்டு, காரத்தில் வேகவைத்து, என்சைம் என்ற உயிர்வேதிப் பொருளால் சர்க்கரையாக உடைத்து, அந்தச் சர்க்கரையை ஈஸ்டால் எத்தனாலாக்கி, அதை எட்ட முடிகிறதா என்று பார்க்கப்போகிறோம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் பயோடெக், மைக்ரோபயாலஜி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என்சைம் கையில் இருந்தால் மொத்தம் எட்டு, ஒன்பது நாள் வேலை. பூஞ்சை வளர்த்து என்சைமையும் நீங்களே எடுப்பதாக இருந்தால் கூடுதலாக இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ப்ராஜெக்டுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் சறுக்கின. கடைசியில் எவ்வளவு எத்தனால் வந்தது என்று மட்டும் அளந்தார்கள், நடுவில் எதையும் எடைபோடவில்லை. குறைவாக வந்ததும் பழியைத் தூக்கி ஈஸ்ட் மேல் போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு எங்கே தொலைந்தது என்று எழுதினால்தான் இந்த வேலைக்கு அர்த்தம்.

தொடங்கும் முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் ஆல்கஹால் காய்ச்சி வடிப்பது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டில் குக்கரை வைத்து இதை முயலக் கூடாது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில், துறையின் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். கிடைப்பதை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது, இது எரிபொருள்.

வைக்கோலுக்குள் என்ன இருக்கிறது

காய்ந்த நெல் வைக்கோலில் 35 முதல் 40 சதவீதம் வரை செல்லுலோஸ், 20 முதல் 25 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ், 12 முதல் 18 சதவீதம் லிக்னின். மீதியில் பெரும்பங்கு சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணற்சத்து. நெல் தாள் கையை அறுப்பதும், ஒரு வாரம் வைக்கோல் அரைத்தால் மிக்ஸி பிளேடு மழுங்கிப்போவதும் இதனால்தான்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளை நீளமாகக் கோத்த சங்கிலி. நமக்கு வேண்டியது அந்தக் குளுக்கோஸ். ஆனால் சங்கிலிகள் கற்றைகற்றையாக இறுகி, ஹெமிசெல்லுலோஸ் சுற்றிக்கொண்டு, அதன்மேல் லிக்னின் பிசின் போல் பூசிக்கிடக்கிறது. நெல் மாதக்கணக்கில் நீரிலும் வெயிலிலும் நின்றும் அழுகாமல் இருந்ததற்கு இந்தக் கட்டுமானம்தான் காரணம். என்சைமை நேராக வைக்கோல் மேல் ஊற்றினால் இருக்கும் சர்க்கரையில் சிறு பங்குதான் இறங்கும். மிச்சத்துக்கு வழி திறக்க வேண்டும்.

முதல் கட்டம்: வைக்கோலைத் தயார் செய்தல்

முதல் முறை செய்கிறவர்கள் காய்ந்த, பூசணம் பிடிக்காத வைக்கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்ததை இரண்டாவது சுற்றில் வைத்து ஒப்பிடலாம். பூசணம் பிடித்ததில் செல்லுலோஸில் ஒரு பங்கைப் பூஞ்சை ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். அது தெரியாமல் தொடங்கினால் கணக்கு முதல் வரியிலேயே கோணிவிடும்.

மண் போக அலசி, வெயிலில் காயவைத்து, ஓரிரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, மிக்ஸியிலோ மில்லிலோ அரைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைக்க வேண்டாம். வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஈரப்பதம். 5 கிராம் எடுத்து 105 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரவு முழுக்க வைத்து, காலையில் டெசிக்கேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய கலம்) ஆறவிட்டு எடைபோடுங்கள். வெயிலில் காய்ந்ததிலும் பத்து சதவீதம் போல் ஈரம் இருக்கும். இனி இந்த வழிகாட்டியில் 100 கிராம் என்றால் ஈரம் கழித்த உலர் எடை. நம் வைக்கோலில் செல்லுலோஸ் 37 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 37 கிராம் செல்லுலோஸ்.

இரண்டாம் கட்டம்: காரத்தில் வேகவைத்தல்

பெரிய ஆலைகளில் நீர்த்த அமிலம், உயர் அழுத்த நீராவி என்று பல வழிகள் உண்டு. நெல் வைக்கோலை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்ய எனக்குப் பிடித்தது காஸ்டிக் சோடா. லிக்னினையும் சிலிக்காவில் கணிசமான பங்கையும் ஒரே மூச்சில் கரைத்து வெளியேற்றிவிடும். அமில வழியில் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து சைலோஸ் என்ற வேறொரு சர்க்கரையாகும். சூடு கொஞ்சம் அதிகமானால் அந்த சைலோஸ் ஃபர்ஃபியூரலாக மாறும், அது ஈஸ்டை முடக்கிப்போடும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் காஸ்டிக் சோடா. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போதே பாத்திரம் சுடும். அலுமினியப் பாத்திரத்தைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இந்தக் கரைசலில் 100 கிராம் வைக்கோலைப் போட்டு நன்றாக நனைத்து, ஆட்டோகிளேவில் (ஆய்வுக்கூடத்துப் பிரஷர் குக்கர்) 121 டிகிரியில் 30 நிமிடம். ஆட்டோகிளேவ் காலியில்லை என்றால் வாட்டர் பாத்தில் 85 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தாலும் பழுதில்லை, பலன் சற்றுக் குறையும்.

திறக்கும்போது டிகாக்ஷன் நிறத்தில் கறுப்பாக ஒரு நீர் நிற்கும். வாடை வேகவைத்த வைக்கோலும் சோப்பும் கலந்த மாதிரி. மஸ்லின் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். கறுப்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு பீக்கரில் கொஞ்சம் எடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு பி.எச். 2, 3 வரை இறக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்த நீர் திரிந்து, பழுப்புத் துகள்கள் திரளும். அந்தப் பழுப்புதான் லிக்னின். பாடப்புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்ததை முதல்முறை கண்ணால் பார்க்கும் இடம் இது, தவறவிடாதீர்கள்.

துணியில் தங்கிய சக்கையைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் பி.எச். 7-க்கு வரும்வரை கழுவ வேண்டும். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்கும் வேலை, பொறுமையும் போய்விடும். கடைசிக் கழுவலில் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டால் சீக்கிரம் முடியும். காரம் மிச்சமிருந்தால் அடுத்த கட்டத்தில் பி.எச். ஏறி என்சைம் வேலை செய்யாது. எத்தனை லிட்டர் செலவானது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தவறைச் சொல்கிறேன், நானே செய்தது. முதல் முறை, கழுவிய சக்கையை ஈரமாக வைத்திருந்தால் கெட்டுவிடும் என்று ஓவனில் போட்டு மொறுமொறுவென்று காயவைத்துவிட்டேன். என்சைம் அதே என்சைம், அளவும் அதே அளவு. கிடைத்த சர்க்கரை எதிர்பார்த்ததில் பாதி. காரம் திறந்துவிட்ட நுண்துளைகள் காயும்போது சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன, மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறப்பதில்லை. அதனால் சக்கையை ஈரமாகவே கவரில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். அதிலிருந்து ஒரு சிட்டிகையை மட்டும் காயவைத்து ஈரப்பதம் கண்டுபிடித்தால் உலர் எடை தெரிந்துவிடும்.

100 கிராமில் இப்போது சுமார் 57 கிராம் மிஞ்சும். அதில் 60 சதவீதம், அதாவது 34 கிராம் செல்லுலோஸ். 37-இல் 3 கிராம் கறுப்பு நீரோடும் கழுவலோடும் போயிற்று. நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாம் கட்டம்: என்சைம் எங்கிருந்து

இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளும் கூடாரங்களும் மளமளவென்று மக்கிப்போயின. காரணம் தேடியபோது அகப்பட்ட பூஞ்சைகளில் ஒன்றுதான் இன்று உலகம் முழுக்க செல்லுலோஸ் என்சைம் தயாரிப்பில் முன்னணியில் நிற்கும் டிரைக்கோடெர்மா ரீசி. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. துணியைத் தின்ற பூஞ்சைக்கு வைக்கோல் பெரிய விஷயமில்லை.

அது சுரப்பது ஒரு என்சைம் அல்ல, ஒரு கூட்டம். தேங்காய் நார்க் கயிற்றைப் பிரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்டோகுளுக்கனேஸ் கயிற்றை நடுவில் ஆங்காங்கே வெட்டிப் புதுப்புது முனைகளை உண்டாக்கும். செல்லோபயோஹைட்ரோலேஸ் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இழையை உருவி, இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கிக்கொண்டே போகும். அந்த ஜோடிக்குப் பெயர் செல்லோபயோஸ். பீட்டா குளுக்கோசிடேஸ் ஜோடியைப் பிரித்துத் தனித்தனிக் குளுக்கோஸாக்கும். இந்த மூன்றாமவன் பலவீனமாக இருந்தால் செல்லோபயோஸ் தேங்கி, முதல் இருவரின் கையையும் கட்டிப்போட்டுவிடும். ரீசியின் குறையே அதுதான். பீட்டா குளுக்கோசிடேஸ் அதற்குக் குறைவாகத்தான் சுரக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் என்சைமைச் சேர்த்து ஈடுகட்டுவது வழக்கம். கடையில் கிடைக்கும் புதிய கலவைகளில் இந்தக் குறையை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். பட்ஜெட் இருந்தால் வாங்கிவிடுங்கள்.

நீங்களே வளர்ப்பதாக இருந்தால்: கோதுமைத் தவிடும் காரத்தில் வெந்த வைக்கோலும் சரிபாதி, மொத்தம் 20 கிராம், ஈரப்பதம் 60 முதல் 65 சதவீதம். கையால் அழுத்தினால் சேர்ந்து நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஃபிளாஸ்கில் போட்டு ஸ்டெரிலைஸ் செய்து, ஆறியதும் பூஞ்சையின் வித்துக் கரைசலை ஊற்றி, 28 முதல் 30 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள். முதலில் வெள்ளையாகப் படர்ந்து, நான்காம் நாள் போல் பச்சை பூக்கும். பிறகு சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) விட்டு ஒரு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுழற்றினால் மேலே நிற்கும் தெளிநீர்தான் உங்கள் என்சைம். வேளாண் மருந்துக் கடையில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி பவுடரை வைத்தும் சிலர் முயல்கிறார்கள். அது வேரழுகல் நோயை அடக்க விற்கும் சரக்கு; என்சைம் கொஞ்சம் வரும், 34 கிராம் செல்லுலோஸை உடைக்கப் போதாது.

எந்த வழியாக இருந்தாலும் என்சைமின் பலத்தை அளக்காமல் ஊற்றாதீர்கள். அளவுகோல் ஃபில்டர் பேப்பர் யூனிட். 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்தில் வாட்மன் 1 வடிதாளை வெட்டினால் சுமார் 50 மி.கிராம் இருக்கும். அதை பஃபரோடு என்சைமில் போட்டு 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு சர்க்கரை இறங்கியது என்று டி.என்.எஸ். முறையில் (சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் கரைசல்) பார்ப்பது. சரியாக 2 மி.கிராம் குளுக்கோஸ் இறங்கும்வரை என்சைமை வெவ்வேறு அளவில் நீர்த்துப் பார்க்க வேண்டும். நீர்க்காமல் ஒரே ஒரு டியூப் வைத்துப் பெருக்கிவிடுவது பரவலான குறுக்குவழி. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அகப்பட்டுக்கொள்வீர்கள்.

நான்காம் கட்டம்: சக்கையைச் சர்க்கரையாக்குதல்

இந்தக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது, கண்ணெதிரே மாறும்.

57 கிராம் உலர் எடைக்கு ஈடான ஈரச் சக்கையை எடுத்து, மொத்தம் 570 மி.லி. வரும்படி 0.05 மோலார் சிட்ரேட் பஃபர் சேருங்கள், பி.எச். 4.8. சக்கையில் ஏற்கெனவே உள்ள தண்ணீரைக் கழித்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள். ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 15 யூனிட் என்று 34 கிராமுக்கு 510 யூனிட் என்சைம். வெப்பம் 50 டிகிரி, ஷேக்கரில் நிமிடத்துக்கு 150 சுற்று, 72 மணி நேரம். சக்கை முழுவதையும் ஒரேயடியாகப் போட்டால் ஷேக்கர் சுற்றும், உள்ளே ஒன்றும் அசையாது. முதலில் பாதி, ஆறு மணி நேரத்தில் மீதி என்று போடுங்கள்.

தொடக்கத்தில் கேப்பைக் கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும், ஃபிளாஸ்கைச் சாய்த்தால் மெதுவாக உருளும். மறுநாள் காலை வந்து பாருங்கள், கூழ் இளகி ரசமாகியிருக்கும். அடியில் கொஞ்சம் வண்டல், மேலே தேன் நிறத்தில் நீர். குலுக்கும் சத்தம்கூட மாறியிருக்கும். எண்டோகுளுக்கனேஸ் நீள இழைகளை நறுக்கித் தள்ளியதன் அடையாளம் அந்த இளக்கம். ஆனால் இளகிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரையில் கணிசமான பங்கு இதற்குப் பிறகுதான் மெல்ல வரும்.

0, 6, 24, 48, 72 மணி நேரங்களில் 1 மி.லி. எடுத்து, உடனே கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து என்சைமைச் சாகடியுங்கள். இல்லையென்றால் ரேக்கில் காத்திருக்கும் நேரத்திலும் அது வேலை செய்துகொண்டிருக்கும். சென்ட்ரிஃப்யூஜ் செய்து, தெளிநீரை நீர்த்து, டி.என்.எஸ். சேர்த்துக் கொதிக்கவைத்து, 540 நானோமீட்டரில் பாருங்கள். மஞ்சள் கரைசல் செங்கல் சிவப்பாக மாறும். கறுக்கிற அளவுக்கு நிறம் ஏறினால் இன்னும் நீர்க்க வேண்டும் என்று பொருள்.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. என்சைம் பாட்டிலிலேயே சர்க்கரை கலந்திருக்கும். சக்கை போடாமல் என்சைமும் பஃபரும் மட்டும் வைத்த ஒரு ஃபிளாஸ்கை ஓட்டி அதைக் கழித்துவிடுங்கள். அடுத்தது, டி.என்.எஸ்.-க்கு குளுக்கோஸ், சைலோஸ் வித்தியாசம் தெரியாது. நம் ஈஸ்டுக்கு சைலோஸ் ஆகாது. ஆகவே டி.என்.எஸ். எண்ணை அப்படியே எத்தனால் கணக்கில் போட்டால் ஈஸ்ட் சோம்பேறி என்று தோன்றும். ரத்தச் சர்க்கரை பார்க்கும் லேப்களில் பயன்படுத்தும் ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. கிட் குளுக்கோஸை மட்டும் காட்டும். விலையும் பெரிதாக இல்லை. கடைசி சாம்பிளையாவது அதில் பாருங்கள்.

பாக்டீரியா புகாமலிருக்க சோடியம் அசைடு சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. அது கடும் விஷம், ஈஸ்டையும் கொன்றுவிடும். அடுத்து ஈஸ்ட் போடப்போகிறோம் என்பதால் நமக்கு ஆகாது. சக்கையையும் பஃபரையும் ஸ்டெரிலைஸ் செய்து ஆறவிட்டு, வடிகட்டிய என்சைமைச் சேர்த்தால் போதும். 48 மணி நேரத்தைவிட 72-இல் சர்க்கரை குறைந்து, மூடியைத் திறந்தால் புளித்த மாவு வாடை அடித்தால், உங்கள் சர்க்கரையை வேறு யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். அந்த ஃபிளாஸ்கைக் கைவிடுங்கள்.

34 கிராம் செல்லுலோஸ் முழுதும் உடைந்தால் 37.8 கிராம் குளுக்கோஸ் வர வேண்டும். உடையும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு சேர்வதால் எடை 1.11 மடங்காகிறது. நடைமுறையில் 80 சதவீதம் கிடைத்தால் நல்ல வேலை. நமக்கு 30 கிராம் என்று கொள்வோம்.

ஐந்தாம் கட்டம்: ஈஸ்ட்

வடிகட்டிப் பிழிந்து தெளிநீரை எடுங்கள். எவ்வளவு பிழிந்தாலும் சக்கையில் 2 கிராம் போல் சர்க்கரை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஃபிளாஸ்குக்குள் போவது 28 கிராம்.

பி.எச். 5-க்கும் 5.5-க்கும் நடுவில் வைத்து, லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து ஸ்டெரிலைஸ் செய்யுங்கள். பேக்கரிக்கு வாங்கும் உலர் ஈஸ்டே போதும், 2 கிராம். 36, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நுரைத்து எழுந்தபின் சேருங்கள். ரப்பர் கார்க்கில் குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் டம்ளருக்குள் விடுங்கள். 30 முதல் 32 டிகிரி. சில மணி நேரத்தில் டம்ளரில் குமிழி விடத் தொடங்கும்.

இங்கே ஜி.சி., எச்.பி.எல்.சி. போன்ற பெரிய கருவி எதுவும் இல்லாமல் எத்தனாலை அளக்க ஓர் எளிய வழி: தராசு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு எத்தனால், இரண்டு கார்பன் டை ஆக்சைடு. வாயு வெளியே போகப்போக ஃபிளாஸ்கின் எடை குறையும். குறைந்த எடையை 46-ஆல் பெருக்கி 44-ஆல் வகுத்தால் உண்டான எத்தனாலின் எடை. ஃபிளாஸ்கைக் குழாயோடும் கார்க்கோடும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடைபோட்டு வரைபடம் போடுங்கள். கோடு படுத்துவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் படுத்துவிடும். வாயுவோடு கொஞ்சம் ஈரமும் போவதால் சிறு பிழை இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு கிராம் குளுக்கோஸுக்கு உச்சபட்சம் 0.511 கிராம் எத்தனால். ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கவும் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்வதால் 90 சதவீதம் எதிர்பார்க்கலாம். 28 கிராமுக்கு 12.9 கிராம் எத்தனால், அதாவது 16 மி.லி.க்குச் சற்று மேல். தராசு 12.3 கிராம் குறைந்திருக்க வேண்டும்.

வடிகட்டாமல் என்சைமையும் ஈஸ்டையும் ஒரே ஃபிளாஸ்கில் போடும் முறையும் உண்டு. குளுக்கோஸ் இறங்க இறங்க ஈஸ்ட் தின்றுவிடுவதால் என்சைமின் வேலை தடைபடாது, சக்கையில் சர்க்கரையும் ஒட்டாது. சிக்கல் வெப்பநிலைதான். என்சைமுக்கு 50 வேண்டும், ஈஸ்டுக்கு 32 வேண்டும். 37 டிகிரியில் இருவரும் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வார்கள். 40 டிகிரிக்கு மேலும் தாங்கும் க்ளூவெரோமைசெஸ் மார்க்சியானஸ் ஈஸ்ட் கிடைத்தால் முயன்று பாருங்கள். சைலோஸையும் விடக்கூடாது என்றால் ஷெஃபர்சோமைசெஸ் ஸ்டிபிடிஸ் என்ற ஈஸ்ட் அதைத் தின்னும், மெதுவாக.

ஆறாம் கட்டம்: வடித்தல்

சூடாக்க மின்சார ஹீட்டிங் மேன்டில் மட்டும், திறந்த தீ வேண்டாம். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சரில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தபின் சூட்டைப் போடுங்கள். எத்தனால் 78.3 டிகிரியில் கொதிக்கும். ஒரு பங்கு வடிநீரை எடுத்து, அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைக்குரோமேட்டில் விட்டால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும், எத்தனால் வந்திருப்பதற்கு அதுதான் அடையாளம். எவ்வளவு திறமையாக வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் போகாது. அதற்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் ஒரே விகிதத்தில்தான் ஆவியாகும். பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதற்கு ஆலைகளில் மூலக்கூறு சல்லடை எனப்படும் ஜியோலைட் மணிகள் வழியே ஆவியைச் செலுத்தி மிச்சத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். ப்ராஜெக்டுக்கு அது தேவையில்லை.

கவனிக்க வேண்டியது வேறு: நம் ஃபிளாஸ்கில் எத்தனால் 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 4 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் வடிக்கும் செலவு கட்டுப்படியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மீதி 97 பங்கு தண்ணீரைச் சூடாக்குவதற்குத்தான் நாம் செலவழிக்கிறோம்.

ஏழாம் கட்டம்: கணக்கை நேர்செய்தல்

37 கிராம் செல்லுலோஸ் அத்தனையும் எத்தனாலாகியிருந்தால் 21 கிராம். கிடைத்தது 12.9. அதாவது 61 சதவீதம். தொலைந்தது எங்கே என்று இப்போது சொல்ல முடியும்: கழுவலில் 3 கிராம் செல்லுலோஸ், உடையாமல் நின்றது சுமார் ஏழு கிராம், சக்கையில் ஒட்டியது 2 கிராம் சர்க்கரை, ஈஸ்ட் தின்றது ஒரு பங்கு. பெரிய ஓட்டை என்சைம் கட்டத்தில், ஈஸ்டில் அல்ல. 100 கிராமுக்கு 16 மி.லி., பானிபட்டின் 15-ஐத் தாண்டிவிட்டோமே என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். நம்முடையது வடிப்பதற்கு முந்தைய எண். ஆலை டன் கணக்கில் அழுக்கோடு வரும் வைக்கோலில் செய்கிறது.

அடுத்த கணக்கை வைவாவில் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 16 மி.லி. எத்தனால் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 345 கிலோஜூல். இரண்டாம் கட்டத்தில் 1 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 121 டிகிரிக்கு ஏற்ற மட்டும் 380 கிலோஜூல். ஆட்டோகிளேவின் இரும்பு குடித்தது, மூன்று நாள் ஷேக்கர் ஓடியது, வடித்தது எதையும் நான் சேர்க்கவே இல்லை. வைக்கோலை ஊறவைத்த தண்ணீரைச் சுடவைத்ததிலேயே கையிருப்பு தீர்ந்துவிட்டது. காஸ்டிக் சோடாவும் டன் வைக்கோலுக்கு 200 கிலோ என்று ஆகிறது, அந்த விலையில் யாரும் பெட்ரோல் விற்க முடியாது.

இதைப் பார்த்துவிட்டு இந்த வழியே வீண் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஆலைகளில் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியான கலவையில் வேலை செய்கிறார்கள், ஒரு கட்டத்தின் சூட்டை இன்னொன்றுக்குத் திருப்புகிறார்கள், மிஞ்சிய லிக்னினை பாய்லரில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். வைக்கோல் எத்தனாலைச் ‘சுத்தமான எரிபொருள்’ என்று சொல்லத் தகுதி தருவது நுண்ணுயிர் மட்டுமல்ல, அந்த நீராவிக் கணக்கும்தான். அது நேராகாவிட்டால் நிலக்கரியை எரித்து வைக்கோலை எத்தனாலாக்கிய கதையாகிவிடும்.

மிஞ்சியதை என்ன செய்வது

வடித்தபின் அடியில் நிற்கும் நீரில் சைலோஸும் இறந்த ஈஸ்டும் நிறைய. ஆறவிட்டு, பி.எச். 7-க்குக் கொண்டுவந்து, கல்லூரியிலோ விடுதியிலோ சாண எரிவாயுத் தொட்டி இருந்தால் தினம் கொஞ்சமாக விடலாம். நம் ஈஸ்ட் தொடாத சைலோஸை அங்கிருக்கும் பாக்டீரியா மீத்தேனாக்கும். கறுப்பு நீரை மட்டும் அப்படியே தொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. அமிலம் விட்டு லிக்னினைத் திரட்டி வடிகட்டி, நீரை நடுநிலையாக்கிய பிறகு ஆய்வுக்கூடக் கழிவுத் தொட்டிக்கு அனுப்புங்கள். வளர்த்த பூஞ்சையை ஆட்டோகிளேவ் செய்தபின்தான் வெளியே போட வேண்டும். அதன் பச்சைத் தூள் மூக்கில் ஏறினால் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வரும்.

இரண்டாவது சுற்றுக்கு நேரம் இருந்தால் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் மாற்றுவதாக இருந்தால் காரத்தைத்தான் மாற்றுவேன்: லிட்டருக்கு 20 கிராமுக்குப் பதில் 10 கிராம், ஆட்டோகிளேவ் இல்லாமல், அறை வெப்பத்திலேயே இரண்டு நாள் ஊறல். சர்க்கரை கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைகிறது, அதற்கு ஈடாக எத்தனை கிலோஜூல் மிச்சமாகிறது என்று பக்கத்தில் பக்கம் எழுதிப் பாருங்கள். மழையில் நனைந்த வைக்கோலை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.